பொதுத்தட்டு

பொய் சொல்லாதே. நான் ராத்திரி தூங்க மாட்டேன் என்பது நேற்றுச் சாயங்காலமே உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை இனிப்பு.

ஜெயக்கனி இதைத் தேயிலைப் பெட்டியிடம் சொன்னாள், வாயைத் திறக்காமல். பெட்டியின் மூடியைப் பிரிக்கும் இடத்தில், ஈர மண்ணின் நிறத்தில், சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது: ‘கனி, முதல் மிடறு உனக்கு. மற்றவர்கள் காத்திருக்கட்டும்.’

அவளைக் கனி என்று கூப்பிட்டவர் கணவர் ஒருவர்தான். அவர் போய் நான்கு வருடமாகிறது. அந்தப் பெயரைப் பெட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பேசியது, கைபேசியில் எழுதியது, மணிக்கட்டு வளையத்தில் நாடி துள்ளியது எல்லாம் எங்கோ ஒன்றுசேர்ந்து, கடைசியில் ஓர் அட்டையின் மேல் மையாக இறங்கியிருந்தது. எப்படி இறங்குகிறது என்பது மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். சிவகாசியில் அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அந்தப் பெட்டி ஓடியது. தெரிந்தும் அவள் தேயிலையை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்ற கேள்வியின் பக்கம் அவள் போவதே இல்லை.

ஊரில் இப்போது ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் கிடையாது. சரக்கு வெறும் உறையில் காத்திருக்கும். யாராவது வாங்கிய பிறகுதான் அவருக்கான பெட்டி பக்கத்து அச்சகத்தில் ஓடி, மடிந்து, ஒட்டி, வீட்டு வாசலுக்கு வரும். கடையில் போய் “அந்தச் சிவப்பு டப்பா குடுங்க” என்று கேட்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. அது கேட்டவருக்கு மட்டும்தான் சிவப்பு. ஒரே வீட்டில் மாமியாரின் உப்பு குங்கும நிறத்தில் வரும், மருமகளின் உப்பு கடல் படத்தோடு வரும். போலிச் சரக்கு ஒழிந்தது. கிடங்கில் மக்கும் அட்டை ஒழிந்தது. தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்த மனிதர்கள், சோப்பு உறையைப் பிரிக்கும்போது கொஞ்சம் புன்னகைத்தார்கள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஜெயக்கனியும் கேட்டவள்தான்.

இதைச் செய்யும் எந்திரத்துக்குக் கலப்பச்சு என்று பெயர். பாதி பழையது, பாதி புதியது. அட்டை முதலில் பழைய பாதியில் நுழையும். அங்கே உருளையில் சுற்றிய தட்டு ஒன்று, எல்லாப் பெட்டிக்கும் பொதுவானதை ஒரே மாதிரி பதிக்கும். பிறகு அட்டை துளிமுனைகளுக்குக் கீழே ஓடும். கண்ணுக்குத் தெரியாத அந்த முனைகள் ஒவ்வொரு பெட்டியிலும் வேறு படம், வேறு நிறம், வேறு சொல் என்று மையைத் தெளிக்கும். ஆண்டுதோறும் புதிய பாதி வளர்ந்தது, பழைய பாதி சுருங்கியது. இன்று மருந்துப் பெட்டிகளில் மட்டும் ஒரே ஒரு தட்டு மிச்சம். என்ன கலந்திருக்கிறது, யார் சாப்பிடக் கூடாது என்று சொல்லும் கறுப்புக் கட்டம். அதற்குப் பொதுத்தட்டு என்று பெயர். ஒவ்வோர் அச்சகத்திலும் அதற்கு ஒரு காப்பாளர் இருக்க வேண்டும், அவர் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் ஒழிய அதைக் கழற்றக் கூடாது என்பது சட்டம். அந்த அச்சகத்தில் காப்பாளர் ஜெயக்கனி.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜோதிமுத்து வந்தாள். தம்பியின் மனைவி. பக்கத்துப் போர்ஷன். வயிற்றில் ஆறு மாதம்.

“தேத்தண்ணி எனக்கு வேண்டாம் மதினி. நெஞ்செல்லாம் எரியுது. ஒரு டம்ளர் குடுங்க, பொடியைக் கலக்கிக் குடிச்சா அடங்கிரும்.”

“என்ன பொடி?”

“இதம்தான். ஒங்க ஆபீஸ்ல அடிக்கிற டப்பாதான.”

பொடி தண்ணீரில் விழுந்து நுரைத்தது. ஜெயக்கனி டம்ளரைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

“ஏத்தா, அறிவிருக்கா? பூராவும் சோடா உப்பு. ஒனக்கு பிரஷர் ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லலையா? டப்பாலயே போட்டிருக்குல்ல, கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாதுன்னு?”

“எங்க போட்டிருக்கு?”

“கண்ணு முன்னாடி, கறுப்புக் கட்டத்துல.”

“நீங்களே பாருங்க.” ஜோதிமுத்துவின் குரல் கம்மியது. “போன தடவை அப்படி ஆனதுக்கு அப்புறம் தண்ணி பாட்டிலக்கூட நான் படிக்காம குடிக்கதில்ல. என்னயப் போயி...”

ஜெயக்கனி பெட்டியை வாங்கித் திருப்பினாள். கொய்யாப்பழத்தின் உட்புற நிறம். கூட்டில் உறங்கும் ஒரு குருவி. கறுப்புக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில், குருவியின் கூட்டோடு கூட்டாக ஒரு வரி: ‘தாயாகப் போகிறவர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் பேசும்போது இதம் பற்றியும் பேசலாமே!’

கோபம் உடனே வரவில்லை. முதலில் வந்தது கூச்சம். குளிக்கும் அறையின் கதவை யாரோ வெளியிலிருந்து திறந்துவிட்டதைப் போல. அந்தக் கறுப்புக் கட்டத்தின் எழுத்து இன்னும் ஒரு சுற்றுப் பெரியதாக இருக்க வேண்டும் என்று கம்பெனியோடு சண்டை போட்டு வாங்கியவள் அவள்.

“எத்தனை நாளாக் குடிக்கே?”

“பத்துப் பன்னெண்டு நாளா. ரெண்டு வேளை.”

ஜெயக்கனி குனிந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்பவில்லை. தம்பியை எழுப்பி, இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, குருவிப் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

*

“வாம்மா ஜெயா. இதம் பார்ட்டி சென்னையில இருந்து வந்துட்டாக. ஷீட் பாஸ் பண்ணிட்டா இன்னைக்கே ஓட்டம்” என்றார் தனுஷ்கோடி அண்ணாச்சி. அச்சகத்தின் முதலாளி. அறுபதைத் தாண்டியும் எந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த உருளை இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவர் மேசையில் வைத்தாள். “இது எப்படி அண்ணாச்சி ஓடுச்சு? தட்டு இல்லாம?”

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். “சோதனை ஓட்டம்தாம்மா. நாலு தெருவுக்கு மட்டும். நீ லீவுல இருந்த. முறையா ஒன்கிட்ட கேக்கத்தான இன்னைக்குக் கூப்பிட்டுருக்கு?”

“நாலு தெருவுல எங்க தெருவும் ஒண்ணு.”

“சரி, கோவப்படாத. அந்தப் புள்ளைகிட்ட கேளு. விவரமாச் சொல்லும்.”

அந்தப் பிள்ளை மேகலா. இதம் கம்பெனியின் பெட்டிப் பிரிவுக்குத் தலைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். கூட்ட அறையில் ஜெயக்கனி வைத்த கேள்வியை அவள் தட்டிக் கழிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராகப் பதில் சொன்னாள்.

“மேடம், ஒரே எச்சரிக்கையை எல்லாருக்கும் போட்டா என்ன ஆகுது? அலட்சியமா இருக்கறவங்க படிக்கறதே இல்ல. பயந்தவங்க படிச்சிட்டு, சாப்பிட வேண்டிய மருந்தையும் நிறுத்திடறாங்க. அலட்சியமானவருக்குப் பெருசா போடுவோம். பயப்படறவருக்கு மென்மையா போடுவோம். இதுல என்ன தப்பு? சோதனை ஓட்டத்துல மருந்தால வர்ற ஆபத்து பாதியா குறைஞ்சிருக்கு. ஆயிரக்கணக்கானவங்க உயிர் மேடம்.”

“என் தம்பி பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா.”

மேகலாவின் முகம் மாறியது. அது நடிப்பு இல்லை. “ஐயோ. எப்படி இருக்காங்க?” என்றாள். பிறகு, தயங்கி, “அவங்களுக்கு முன்னாடி ஒரு இழப்பு இருந்திருக்கணும். அந்த மாதிரி இருக்கறவங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு எந்திரம் நினைச்சிருக்கும். அளவு தப்பியிருக்கு. சரி பண்ணிடலாம்” என்றாள்.

பயமுறுத்த வேண்டாம். ஜெயக்கனிக்கு அந்தச் சொல் உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டது. அவளும் அதைத்தானே செய்தாள்? போன தடவை டாக்டரம்மா தனியாக அழைத்துச் சொன்ன ஒன்றை இன்றுவரை ஜோதிமுத்துவிடம் சொல்லவில்லை. பாவம், பயந்துவிடுவாள் என்று. தேயிலைப் பெட்டி தன்னிடம் கனி என்று குழைவதும் அதே கருணைதான். நான் செய்தால் பாசம், பெட்டி செய்தால் குற்றமா?

அவள் விடையைத் தேடினாள். அவசரமாகக் கிடைக்கும் விடைகளை அவள் நம்புவதில்லை. நான் மறைத்தால் பக்கத்திலேயே இருக்கிறேன். அவள் கால் வீங்கினால் என் கைக்குத் தெரியும். நான் மறைத்ததை அடுத்த வீட்டுக்காரி உளறிவிடலாம், டாக்டரம்மா வாய்தவறிச் சொல்லிவிடலாம். இந்தப் பெட்டி மறைத்ததை உளற யார் இருக்கிறார்கள்?

கைபேசி அதிர்ந்தது. ஜோதிமுத்து.

“மதினி, பிரஷர் கூடியிருக்காம். பெட்டுல சேத்துட்டாக. புள்ளைக்குத் துடிப்பு நல்லா இருக்காம்.” மூச்சு வாங்கினாள். “அந்தப் பொடியைச் சொன்னேன். டாக்டரம்மா அவுக மேசையில இருந்த இதம் டப்பாவைத் தூக்கிக் காட்டி, இம்புட்டுப் பெருசா போட்டிருக்கு, படிக்கத் தெரியாதான்னு கத்துறாக. அவுக டப்பால இருக்கு மதினி. சத்தியமா என் டப்பால இல்ல. ஒங்க தம்பிகூட ஒரு மாதிரியாப் பாக்காரு. நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்காக.”

“நான் பாத்தேன் ஜோதி. என் பையிலதான் இருக்கு.”

“ஒங்களுக்குத் தெரியும். அவுகளுக்கு?”

*

ஷீட் பாஸ் என்பது சிவகாசியின் பழைய வழக்கம். அந்தக் காலத்தில் ஓட்டம் தொடங்குமுன் பார்ட்டியும் முதலாளியும் எந்திரக்காரரும் ஒரு மேசையைச் சுற்றி நிற்பார்கள். மேலே ஒரு வெள்ளை விளக்கு. கீழே ஒரு ஷீட். எல்லோரும் அதையே குனிந்து பார்த்து, சிவப்பு கூடிவிட்டது, பச்சை போதாது என்று சண்டை போட்டு, கடைசியில் அந்த ஒரே ஷீட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். எந்திரங்கள் மாறியும் அண்ணாச்சி வழக்கத்தை விடவில்லை. மேசை இருந்தது, விளக்கு இருந்தது, தட்டில் சாத்தூர்க் காராச்சேவு இருந்தது. ஒன்றுதான் மாறியிருந்தது. அதை யாரும் மாறியதாக நினைக்கவில்லை. இப்போது ஆளுக்கு ஒரு பெட்டி வைப்பார்கள். அவரவர் பெட்டியில் அவரவர் கையெழுத்து.

மூன்று பெட்டிகள் விளக்கின் கீழே வந்தன. பொதுத்தட்டைக் கழற்றிவிட்டு, முழுதும் துளிமுனைகளால் ஓட்டியவை.

ஜெயக்கனி தன்னுடையதை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். கறுப்புக் கட்டம் அப்படியே இருந்தது. அவள் சண்டை போட்டு வாங்கிய எழுத்து, அவள் கேட்ட அளவு, ஓர் ஓரம்கூட மங்காமல். ‘கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது.’

“எச்சரிக்கை அப்படியே இருக்கேம்மா!” என்றார் அண்ணாச்சி, தன் பெட்டியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தபடி. “இதுக்குப் போயா காலையில இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?”

“நாங்க எதையும் எடுக்கலைன்னுதானே சொல்றேன்” என்றாள் மேகலா, தன் பெட்டியைப் பார்த்து. அவள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

காலையில் குருவியைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஜெயக்கனியும் திறந்திருப்பாள். அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. எவ்வளவு நன்றாக என்னைத் தெரிந்து வைத்திருக்கிறது. எதைக் காட்டினால் நான் வாயை மூடுவேன் என்பதுவரை.

“அண்ணாச்சி, ஒங்க டப்பால இருக்கதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்.”

“ஏன், ஒனக்குக் கண்ணு தெரியலையா?”

“படிங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “‘அனுபவம் உள்ளவர்களுக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் பற்றிப் பிறர் சொல்வதைவிட உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.’ சரியாத்தான போட்டிருக்கான்?”

“நீங்க பிரஷருக்கு மாத்திரை போடுதீங்க. சாப்பிட்டதும் தெனம் இந்தப் பொடியையும் போடுதீங்க.”

அண்ணாச்சி பெட்டியை மறுபடி பார்த்தார். இந்த முறை கிட்டத்தில் பிடித்து.

ஜெயக்கனி மேகலாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க?”

“எனக்கு எல்லாம் இருக்கு.” மேகலா படித்தாள். “‘தேவையான எல்லா எச்சரிக்கைகளும் சட்டப்படி இப்பெட்டியில் அச்சிடப்பட்டுள்ளன.’”

“எந்தெந்த எச்சரிக்கை?”

மேகலா பெட்டியைத் திருப்பினாள். பக்கவாட்டில் பார்த்தாள், அடியில் பார்த்தாள், மூடியைப் பிரித்துப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

எந்திரக் கூடத்தின் இரைச்சல் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“இருந்தாலும்...” மேகலா பிரித்த மூடியைத் திரும்ப மூடினாள். “சோதனை முடிவுகள் பொய் இல்லையே? ஆபத்து பாதியா குறைஞ்சிருக்கு. அறிக்கையில தெளிவா இருக்கு.”

“பாதியா?” என்றார் அண்ணாச்சி. “எனக்கு வந்த அறிக்கையில ஆபத்தைப் பத்திப் பேச்சே இல்லியே. அட்டைச் செலவு மூணுல ஒரு பங்கு மிச்சம்னுல்ல போட்டிருந்துச்சு. அதை நம்பித்தான புது எந்திரத்துக்கே ஆர்டர் சொன்னேன்?”

“அறிக்கையை எங்க அச்சடிச்சீங்க மேடம்?” என்று கேட்டாள் ஜெயக்கனி.

மேகலா தன் பெட்டியை மேசையில் வைத்தாள். உதட்டின் நிறம் போயிருந்தது. தன் கம்பெனியில் எந்தத் தாளும் இப்போது கலப்பச்சில்தான் ஓடுகிறது என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எத்தனை பேர் எத்தனை அறிக்கைகளைப் படித்து இந்த முடிவுக்குக் கைதூக்கினார்கள் என்பதும்.

அண்ணாச்சிக்குத்தான் முதலில் ரோசம் வந்தது. கூடத்தோடு பேசும் பொத்தானை அழுத்தினார். “ஏலேய், இதம் டப்பா ஒரே மாதிரி மூணு ஓட்டிக் கொண்டா. மூணுலயும் ஒரே எழுத்து.”

“யாருக்குன்னு கேக்குது அண்ணாச்சி” என்றது கூடத்துக் குரல்.

“யாருக்கும் இல்ல. எல்லாருக்கும்.”

விசை தட்டும் சத்தம் கேட்டது. “எல்லாருக்கும்னு அடிச்சா எடுக்க மாட்டேங்குது. அப்படி ஒரு ஆள் இல்லைங்குது. ஒங்க பேரைப் போடவா?”

ஜெயக்கனி எழுந்து கூடத்துக்குப் போனாள். கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்த பொதுத்தட்டைத் துணியால் துடைத்து உருளையில் மாட்டினாள். துளிமுனைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, பழைய பாதியை மட்டும் ஓடவிட்டாள். வெள்ளை அட்டை ஒன்று வெளியே வந்தது. படம் இல்லை, பறவை இல்லை. யாருடைய பெயரும் இல்லை. நடுவில் ஒரு கறுப்புக் கட்டம். அதைக் கொண்டுவந்து விளக்கின் கீழே வைத்தாள். மூன்று பேரும் தம்மையறியாமல் அதன் மேல் குனிந்தார்கள். ஒருவர் தலை ஒருவர் தலையில் இடித்தது. “ம்” என்றார் அண்ணாச்சி, எதற்கென்று தெரியாமல்.

மேகலா வெளியே போய் நெடுநேரம் சென்னையோடு பேசினாள். திரும்பி வந்தபோது அவள் குரல் பழையபடி சமனாகியிருந்தது. கண்கள் சமனாகவில்லை.

“மேடம், தேதி எல்லாம் அறிவிச்சாச்சு. பின்வாங்க முடியாதுங்கறாங்க. ஆனா உங்களுக்காக ஒண்ணு செய்ய ஒத்துக்கிட்டாங்க. உங்க வீட்டுக்கும், உங்க தம்பி வீட்டுக்கும், நீங்க சொல்ற யாருக்கும், இந்தக் கறுப்புக் கட்டம் அப்படியே வரும். எப்பவும். எழுதியே தர்றாங்க. தட்டைக் கழற்ற நீங்க சம்மதம்னு போட்டா போதும்.”

“நல்ல மனுசங்கதான்” என்றார் அண்ணாச்சி, மேசையைப் பார்த்தபடி. “ஜெயா, நீ போடலேன்னா அடுத்த தெருவுல இருக்கவன் போடுவான். ஓட்டம் அங்க போயிரும். இந்தக் கூடத்துல இருக்கதுக எல்லாத்துக்கும் வேலை போயிரும். ஒனக்கும்தான். பாத்து முடிவு பண்ணு.”

மூவரின் பெட்டிகளும் ஒருபுறம் கிடந்தன. வெள்ளை அட்டை ஒருபுறம். ஜெயக்கனி பேனாவை எடுத்தாள். சாயங்காலம் தேயிலை வாங்கினால் பெட்டி என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டால் ‘பரவாயில்லை கனி, வேறு வழியில்லை’ என்று சொல்லும். போடாமல் போனால் ‘எவ்வளவு துணிச்சல் கனி’ என்று சொல்லும். இரண்டையும் அவர் குரலிலேயே சொல்லும். எதைச் செய்தாலும் தட்டிக்கொடுக்கும் அந்தக் கை இல்லாமல் ஒன்றைச் செய்து எத்தனை காலமாயிற்று?

மணிக்கட்டு வளையத்தைக் கழற்றிப் பைக்குள் குருவிப் பெட்டியோடு போட்டாள். கையில் அது கிடந்த இடம் வெளுத்துக் குளிர்ந்திருந்தது.

பிறகு வெள்ளை அட்டையில், கறுப்புக் கட்டத்தின் கீழே, தன் முழுப் பெயரையும் எழுதினாள். அட்டையை மற்ற இருவருக்கும் எட்டும்படி மேசையின் நடுவில் நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

மேகலா தன்னிடமிருந்த சம்மதத் தாளை மெதுவாக அவள் பக்கம் தள்ளினாள். “இது மேடம்?”

“வேண்டாம்மா” என்றாள் ஜெயக்கனி, பந்தியில் இரண்டாம் முறை சோறு கொண்டு வந்தவரிடம் சொல்வதைப் போல. “அதுல போட மாட்டேன்.”